ஆகஸ்ட் மாதத்துக்குப் பெயர் தந்தவரின் கல்லறை: வாசகர் கேள்விகள்

போன இதழில் மாதப் பெயர்களைப் பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "ஆகஸ்ட் மாதத்துக்குப் பெயர் தந்த ரோமப் பேரரசர் ஆகஸ்டஸின் கல்லறை, ரோம் நகரத்தின் நடுவிலேயே பல ஆண்டுகள் புல் மண்டிக் கிடந்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பேரரசரின் கல்லறை அப்படிக் கிடந்தது என்பதை நம்ப முடியவில்லை. நீங்கள் நேரில் பார்த்தீர்களா? (கும்பகோணம் வாசகர்)

பார்த்தேன். 2012-ல். டைபர் ஆற்றங்கரையை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது, கையில் வரைபடம் இருந்தும் நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் சாலை மட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய வட்டப் பள்ளம், அதன் நடுவில் செங்கல்லும் கற்காரையுமாக ஒரு வட்டச் சுவர், மேலே சைப்ரஸ் மரங்கள், சுற்றிலும் கம்பி வேலி. வேலிக்குள் இடுப்பு உயரத்துக்குப் புல், அதில் பிளாஸ்டிக் பாட்டில்கள். வாசல் பூட்டியிருந்தது. 2007-லிருந்தே பொதுமக்களை உள்ளே விடாமல் இருந்தார்கள்.

கட்டிய காலத்தில் அது எப்படி இருந்தது என்பதை ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர் எழுதி வைத்திருக்கிறார், அவர் ஆகஸ்டஸ் காலத்திலேயே வாழ்ந்தவர். வெள்ளைக் கல் அடித்தளத்தின் மேல் பெரிய மண்மேடு, உச்சி வரை பசுமை மாறாத மரங்கள், உச்சியில் ஆகஸ்டஸின் வெண்கலச் சிலை, பின்பக்கம் மக்கள் உலாவுவதற்கான சோலை. குறுக்களவு சுமார் 87 மீட்டர். ரோமர்கள் கட்டிய வட்டக் கல்லறைகளில் இதைவிடப் பெரியது கிடையாது. ஆற்றுக்கு அப்பால், நடந்துபோகும் தூரத்தில்தான் ஹாட்ரியன் பேரரசரின் கல்லறை இருக்கிறது, சாந்த் ஆஞ்செலோ கோட்டை என்று இன்று அதற்குப் பெயர். அங்கே கூட்டம் அலைமோதுகிறது. இத்தனைக்கும், ஆகஸ்டஸின் கல்லறையில் பேரரசர் குடும்பத்தினரை ஏறக்குறைய 120 ஆண்டுகள் வைத்து அது நிறைந்துபோன பிறகுதான் ஹாட்ரியன் தனக்கென்று புதிதாக ஒன்று கட்டத் தொடங்கினார். மூத்ததை விட்டுவிட்டு இளையதைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று கோவிலில் வாசிக்கும் "அகுஸ்து இராயன்" இவர்தானா? (தூத்துக்குடி வாசகி)

இவரேதான் அம்மா. உலகமெங்கும் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டதாக லூக்கா சுவிசேஷம் சொல்லும் இராயன். "இராயனுடையதை இராயனுக்கு" என்று இயேசு சொன்ன காலத்து இராயன் மட்டும் வேறு ஆள், இவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த திபேரியு. அவரை வைத்ததும் இதே கல்லறையில்தான்.

கி.மு. 28-ல் கல்லறை கட்டத் தொடங்கினார் என்றால் அப்போது அவருக்கு 34 வயதுதானே? அந்த வயதில் யாராவது தனக்குக் கல்லறை கட்டுவார்களா? (சேலம் வாசகர்)

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அப்போது அவர் பெயர் ஆகஸ்டஸ் அல்ல, ஒக்டேவியன். அந்தப் பட்டத்தை ரோம செனட் கி.மு. 27 ஜனவரியில்தான் கொடுத்தது. கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றபோது ஒக்டேவியனுக்கு 18 வயது. சீசர் அவருக்குத் தாய்வழியில் பாட்டியின் சகோதரர். உயிலில் இவரைத் தன் மகனாக அறிவித்துவிட்டுப் போயிருந்தார். அங்கே தொடங்கிய பதவிப் போராட்டம் கடைசியில் இவருக்கும் மார்க் ஆண்டனிக்கும் இடையிலான போராக முடிந்தது. ஆண்டனி எகிப்து அரசி கிளியோபாட்ராவுடன் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

கி.மு. 32-ல் ஒக்டேவியன் ஒரு காரியம் செய்தார். ஆண்டனி தன் உயிலை ரோமில் வெஸ்டா தேவியின் பூசாரிப் பெண்களிடம் பாதுகாக்கக் கொடுத்து வைத்திருந்தார். அதை இவர் பிடுங்கி எடுத்துச் செனட்டில் சத்தமாகப் படித்தார். தான் ரோமிலேயே இறந்தாலும் தன் உடலை அலெக்சாந்திரியாவுக்குக் கிளியோபாட்ராவிடம் அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. ரோம மக்களை அதைவிடக் கோபப்படுத்தக்கூடிய ஒன்று இருந்திருக்க முடியாது. சொந்த மண்ணில் சாம்பல்கூட விழ வேண்டாம் என்கிறவன் நம் தலைவனா என்று கொதித்துப்போனார்கள். அந்த உயிலுக்கு இவர் கல்லால் எழுதிய பதில்தான் இந்தக் கல்லறை. அவன் அங்கே போகட்டும், நானும் என் குடும்பமும் இந்த மண்ணில்தான் இருப்போம் என்று ஊர் பார்க்கச் சொன்ன மாதிரி.

இன்னொன்றும் உண்டு. கி.மு. 30-ல் அலெக்சாந்திரியாவைப் பிடித்தபோது அவர் அலெக்சாண்டரின் உடலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தார், தங்க மகுடம் வைத்துப் பூத்தூவி வணங்கினார். எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களின் உடல்களையும் பார்க்கிறீர்களா என்று கேட்டபோது, நான் மன்னரைப் பார்க்க விரும்பினேன், பிணங்களை அல்ல என்று சொல்லிவிட்டாராம். முந்நூறு ஆண்டு கழித்தும் ஒரு மனிதனுக்கு அப்படி ஒரு மரியாதை இருப்பதைக் கண்ணால் பார்த்தவர், ரோமுக்குத் திரும்பியதும் வேலையைத் தொடங்கியிருக்கிறார். எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கல்லறைக்குள் முதலில் போனது அவர் அல்ல. தனக்குப் பின் இவன்தான் என்று நினைத்து வளர்த்த அக்காள் மகன் மார்செல்லஸ், கி.மு. 23-ல் 19 வயதில் இறந்தான். பிறகு உயிர் நண்பரும் மருமகனுமான அக்ரிப்பா, அக்காள் ஒக்டேவியா, வளர்ப்பு மகன் துருசஸ். அப்புறம் தத்தெடுத்து வளர்த்த மகள் வயிற்றுப் பேரன்கள் இருவர், லூசியஸ் கி.பி. 2-ல் மார்செய்யில், கையஸ் கி.பி. 4-ல் இன்றைய துருக்கியில். வாரிசு என்று யாரைத் தொட்டாரோ அவர்களில் இத்தனை பேரையும் தன் கல்லறைக்குள் தன் கையாலேயே அனுப்பிவிட்டு அவர் உயிரோடு இருந்தார். கி.பி. 14 ஆகஸ்ட் 19-ல், 76 முடிய ஒரு மாதம் இருக்கும்போதுதான் அவருடைய முறை வந்தது. பெற்ற மகள் ஜூலியாவுக்கு அங்கே இடம் கொடுக்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டார். ஒழுக்கக் கேடு என்று சொல்லி அவளை நாடு கடத்தியிருந்தார், கடைசி வரை மன்னிக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எரித்தார்களா, புதைத்தார்களா? (மதுரை வாசகர்)

எரித்தார்கள். கல்லறைக்குப் பக்கத்திலேயே அதற்கென்று ஓர் இடம் இருந்தது. நாம் காடாற்றுக்குப் போவதுபோல அவர்களுக்கும் எலும்பு பொறுக்கும் சடங்கு உண்டு. மனைவி லிவியா ஐந்து நாள் அந்த இடத்தைவிட்டு நகராமல் இருந்தார். பிறகு உயர்குடி ஆண்கள் வெறுங்காலோடு, இடுப்புக்கச்சை இல்லாமல் வந்து எலும்புகளைச் சேர்த்துக் கல்லறைக்குள் வைத்தார்கள்.

பிப்ரவரியிலிருந்து ஒரு நாளை எடுத்துத்தான் ஆகஸ்டுக்கு 31 நாள் ஆக்கினார் என்று எங்கள் கணக்கு வாத்தியார் சொல்வார். (விருதுநகர் வாசகர்)

என் வாத்தியாரும் அதைத்தான் சொன்னார். அது பிற்காலத்துக் கதை, 13-ஆம் நூற்றாண்டில் ஒருவர் எழுதி வைத்து அப்படியே பரவிவிட்டது. ஜூலியஸ் சீசர் நாட்காட்டியைத் திருத்தியபோதே அந்த மாதத்துக்கு 31 நாள் வந்துவிட்டது. அப்போது அதன் பெயர் செக்ஸ்டிலிஸ், ஆறாவது மாதம் என்று பொருள். கி.மு. 8-ல் பெயர் மட்டும் மாறியது. அவர் பிறந்தது செப்டம்பரில், ஆனால் அலெக்சாந்திரியாவைப் பிடித்தது இந்த மாதத்தில் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சாம்பல் இப்போது எங்கே? (புதுச்சேரி வாசகி)

அது போய்விட்டது. கி.பி. 410-ல் கோத்தியர்கள் ரோமுக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடியபோது கல்லறையையும் உடைத்திருப்பார்கள் என்பது பொதுவான கருத்து. பொன்னுக்கும் வெள்ளிக்கும்தான் தேடியிருப்பார்கள், சாம்பல் யாருக்கு வேண்டும்?

ஆனால் சாம்பல் வைத்திருந்த கற்களில் ஒன்று இன்றும் ரோமின் கேப்பிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது ஆகஸ்டஸின் பேத்தி அக்ரிப்பினாவுடையது, காலிகுலா பேரரசரின் அம்மா. திபேரியு அவளை ஒரு தீவுக்கு நாடு கடத்தினார், கி.பி. 33-ல் அவள் அங்கே பட்டினியால் இறந்தாள். தானே உண்ணாமல் இருந்தாளா, சோறு கொடுக்காமல் கொன்றார்களா என்று அக்காலத்திலேயே சந்தேகம் இருந்தது. மகன் ஆட்சிக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடலில் போய் அம்மாவின் சாம்பலைத் தன் கையால் எடுத்துவந்து இந்தக் கல்லறையில் வைத்தான். பல நூறு ஆண்டு கழித்து, கல்லறை சிதைந்த பிறகு, யாரோ அந்தக் கல்லை எடுத்துப் போனார்கள். நடுவில் குடைந்த பெரிய கல்தொட்டி அல்லவா, இடைக்கால ரோம் நகராட்சி அதைத் தானியம் அளக்கும் மரக்காலாக வைத்துக்கொண்டது. பட்டினி கிடந்து செத்தவளின் அஸ்திக் கல்லில் ஊருக்குக் கோதுமை அளந்திருக்கிறார்கள். அவள் பெயர் இப்போதும் அந்தக் கல்லில் தெளிவாக இருக்கிறது.

அவ்வளவு பெரிய கட்டடம், அத்தனை நூற்றாண்டும் சும்மாவா கிடந்தது? (கோயம்புத்தூர் வாசகர்)

சும்மா கிடக்கவில்லை, அதுதான் விஷயம். இந்தப் பக்கத்திலேயே நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது உங்கள் கேள்விக்கான பதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

மேலே பதித்திருந்த வெள்ளைக் கல்லை மற்ற கட்டடங்களுக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் உரித்து எடுத்துப் போனார்கள். வாசலில் நின்ற இரண்டு செந்நிறக் கல்தூண்களும் மண்ணில் புதைந்து, பிறகு கிடைத்து, ஒன்று 1587-ல் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்துக்குப் பின்புறமும் மற்றொன்று 1786-ல் குயிரினாலே குன்றிலும் போய் நின்றன. 12-ஆம் நூற்றாண்டில் கொலோன்னா என்ற பெருங்குடும்பம் இதைக் கோட்டையாக்கிக்கொண்டது. 1354-ல் மக்கள் தலைவர் கோலா தி ரியென்சோவை ஊரே அடித்துக் கொன்றபோது, அவர் உடலை இங்கே கொண்டுவந்துதான் எரித்தார்கள். பிறகு திராட்சைத் தோட்டம். 16-ஆம் நூற்றாண்டில் சோதெரினி குடும்பம் நடுவில் பூந்தோட்டம் போட்டுப் பழைய சிலைகளை வரிசையாக நிறுத்தியது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது மாட்டுச் சண்டை அரங்கம், கொரேயா என்ற குடும்பத்தின் பெயரால் அதை அழைத்தார்கள். வாணவேடிக்கை, நாடகம் எல்லாம் நடந்தது.

கடைசியில் 1908-ல், கூரை போட்டிருந்த அந்த இடத்தை இசை அரங்கமாக்கினார்கள். பெயர் அகுஸ்தேயோ. ஆயிரக்கணக்கானோர் உட்காரலாம், ஒலி அமைப்பு அவ்வளவு நன்றாக இருந்ததாம். ரெஸ்பீகியின் "ரோமின் பைன் மரங்கள்" என்ற இசைப்படைப்பு 1924 டிசம்பரில் முதன்முதலாக ஒலித்தது இங்கேதான். அதன் கடைசிப் பகுதியில் விடியற்காலை அப்பியன் சாலையில் ரோமப் படை அணிவகுத்து வருவதாக இசை எழும். அந்த இசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் காலுக்குக் கீழே அந்தப் படைகளை ஆண்டவரின் அஸ்தி அறை இருந்தது. நான் அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

இப்போது பாருங்கள், இதில் ஒரு நூற்றாண்டிலும் அந்த இடம் அநாதையாக இல்லை. கல்லை உரித்தார்கள், உண்மைதான், வருத்தம்தான். ஆனால் யாரோ அங்கே குடியிருந்தார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், ஒழுகிய கூரையை மாற்றினார்கள். அதைச் சுற்றி வீடுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. அந்த வட்டச் சுவர் இன்றுவரை இடியாமல் நிற்பதற்குக் காரணம் இந்தப் பயன்பாடுதான் என்று நான் நினைக்கிறேன். புல் மண்டியது எப்போது தெரியுமா? அதை "மீட்டெடுத்த" பிறகு.

முசோலினி சீரமைத்ததாகப் படித்தேன். அவர்தான் அதைக் காப்பாற்றினார் என்கிறார் என் நண்பர். (சென்னை வாசகர்)

உங்கள் நண்பர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. முசோலினி தன்னைப் புதிய ஆகஸ்டஸாகக் காட்டிக்கொள்ள விரும்பினார். 1937–38-ல் ஆகஸ்டஸ் பிறந்து 2000 ஆண்டு நிறைவு வந்தது, அதைப் பெருவிழா எடுக்கத் திட்டம். 1934 அக்டோபரில் அவரே ஒரு வீட்டின் கூரையில் ஏறிக் கடப்பாறையால் முதல் கொத்துக் கொத்தினார், படங்கள் இருக்கின்றன. சுற்றியிருந்த பழைய தெருக்கள், வீடுகள் எல்லாம் தரைமட்டம். அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள். 1936 மே மாதம் அகுஸ்தேயோவில் கடைசிக் கச்சேரி, அப்புறம் கூரையைப் பிரித்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் ரோமுக்கு நல்ல கச்சேரி அரங்கமே அமையவில்லை.

இவ்வளவையும் இடித்துவிட்டுப் பார்த்தால் உள்ளே கம்பீரமாக ஒன்றும் கிடைக்கவில்லை. சிதைந்த செங்கல் மொட்டைதான். சொத்தைப் பல் என்று பேசிக்கொண்டார்கள். மூன்று பக்கமும் உயரமான வெள்ளைக் கட்டடங்கள் எழுப்பி, நடுவில் அதைப் பள்ளத்தில் தனியாக விட்டார்கள். நான்காவது பக்கத்தில், வேறு இடத்தில் ஒரு மாளிகைக்கு அடியில் கிடந்த ஆகஸ்டஸ் காலத்துச் சமாதான பீடத்தை, நிலத்தடி நீர் ஊறும் மண்ணை உறையவைத்துத் தோண்டி எடுத்து, 1938 செப்டம்பரில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தத் தோண்டும் வேலை பொறியியல் சாதனை என்பதில் சந்தேகமில்லை.

கல்லறையை மட்டும் யாருக்கும் தேவையில்லாத பொருளாக்கிவிட்டார்கள். போர் முடிந்து, முசோலினியும் போனபின், அந்தச் சதுக்கத்தைப் பார்த்தாலே ரோம மக்களுக்குப் பாசிசக் காலம்தான் ஞாபகத்துக்கு வந்தது. யார் அக்கறை எடுப்பார்கள்? கச்சேரி இல்லை, தோட்டம் இல்லை, வீடும் இல்லை. வீடற்றவர்கள் இரவில் படுத்தார்கள், குப்பை சேர்ந்தது. 2014 ஆகஸ்டில் அவர் இறந்து 2000 ஆண்டு நிறைந்தபோது, கல்லறை பொதுமக்களுக்கு முறையாகத் திறக்கவில்லை. போதாததற்கு அந்த நாட்களில் தண்ணீர்க் குழாய் ஒன்று உடைந்து பள்ளத்தில் வெள்ளம் புகுந்தது. செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

ஆகஸ்டஸுக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? எங்கள் ஊர் ஆற்றில் ரோமக் காசு கிடைக்கும் என்பார்கள். (கரூர் வாசகர்)

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விதான்! அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த ரோமக் காசுகள் பிரசித்தம். கரூர், கோவை வட்டாரப் புதையல்களில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் பெரும்பங்கு ஆகஸ்டஸும் திபேரியுவும் வெளியிட்டவை. எகிப்தை அவர் பிடித்ததும் செங்கடல் வழி ரோமர்கள் கைக்கு வந்தது. ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை அங்கிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டதாக ஸ்ட்ராபோ சொல்கிறார். யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, முசிறியிலிருந்து திரும்பியதாக அகநானூறு சொல்கிறது. இரண்டு பக்கத்துச் சாட்சியும் இப்படிப் பொருந்தி வருவது அபூர்வம். ரோமச் சாலை வரைபடம் ஒன்றின் இடைக்காலப் பிரதியில், முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கோயில் வரைந்து "ஆகஸ்டஸ் கோயில்" என்றே எழுதியிருக்கிறது.

காசுகளுக்கு வருவோம். தென்னிந்தியாவில் அதிகம் கிடைக்கும் ஆகஸ்டஸ் காசில் ஒரு பக்கம் அவர் தலை, மறுபக்கம் கேடயமும் ஈட்டியும் நடுவில் இருக்க இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள். இன்றைய பிரான்சின் லியோன் நகரத்தில் அடித்த காசு. அந்த இரண்டு பேர் யார் தெரியுமா? மேலே சொன்னேனே, கையஸ், லூசியஸ் என்ற பேரன்கள், அவர்களேதான். தாத்தா பெருமையோடு தன் வாரிசுகளை உலகத்துக்குக் காட்டி அடித்த காசு, மிளகு வாங்க நம் பக்கம் வந்து மண்ணுக்குள் போனது. பையன்கள் இருவரும் சாம்பலாக அந்தக் கல்லறைக்குள் போனார்கள். அங்கே அவர்களுடைய சாம்பல் இல்லை, கொங்குநாட்டு மண்ணிலோ முகம் தேயாமல் இருந்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமக் காசுத் தொகுப்பு இருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

தூதர்களும் போயிருக்கிறார்கள். பாண்டியன் என்றோ, வேறு சிலர் சொல்வதுபோல போரஸ் என்றோ ஒரு மன்னனிடமிருந்து ஆகஸ்டஸுக்குத் தூதும் பரிசும் வந்ததாக ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். எந்த மன்னன் என்பதில் அவருக்கே இரண்டு தகவல் கிடைத்திருக்கிறது, அதனால் "மதுரைப் பாண்டியன் அனுப்பினான்" என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

மொத்தத்தில் நல்லவரா, கெட்டவரா? ஒரே வரியில் சொல்லுங்கள். (திருநெல்வேலி வாசகர்)

ஒரே வரியில் முடியாது, மன்னியுங்கள். கி.மு. 43-ல் ஆண்டனி, லெப்பிடஸ் இருவரோடு சேர்ந்து பகைவர் பட்டியல் போட்டுக் கொலை செய்தவர். பேச்சாளர் சிசரோவின் தலையையும் கையையும் வெட்டி மன்ற மேடையில் வைத்த அந்தப் பட்டியலில் இவருடைய ஒப்புதலும் இருந்தது. அதே மனிதர் ஆட்சி கையில் வந்த பிறகு நாற்பது ஆண்டுகள் உள்நாட்டுப் போர் இல்லாமல் நாட்டை வைத்திருந்தார். ஒரே ஆண்டில் 82 கோயில்களைப் புதுப்பித்தார், ரோமுக்குத் தீயணைப்புப் படை அமைத்தார். செங்கல் நகரமாக வாங்கியதைப் பளிங்கு நகரமாக விட்டுப் போகிறேன் என்று சொன்னவர். கவிஞர் ஓவிடைக் கருங்கடல் கரைக்குத் துரத்தியவரும் அவர்தான்.

எதை விட்டுப் போனார் என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தண்ணீர். கி.மு. 19-ல் அக்ரிப்பா கட்டிய ஒரு நீர்க்கால்வாய், இடையில் பழுது பார்த்துப் பழுது பார்த்து, இன்றும் ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகள் காசு எறியும் திரேவி நீரூற்றுக்கு அதன் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது. அந்த அக்ரிப்பாவும் இந்தக் கல்லறைக்காரர்தான். பயன்பாட்டில் இருந்தது, அதனால் பிழைத்தது.

அடுத்த ஆண்டு மகனோடு ரோம் போகிறோம். கல்லறைக்குள் போக முடியுமா? (திருச்சி வாசகி)

2021 மார்ச் 1-ஆம் தேதி, அரசுப் பணமும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அறக்கட்டளைப் பணமும் போட்டுச் சீரமைத்துத் திறந்தார்கள். முதல் சில வாரங்களுக்குக் கட்டணம் இல்லை என்றதும் முன்பதிவு மளமளவென்று தீர்ந்துபோனது. அவ்வளவு பேர் காத்திருந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அப்புறம் அடுத்த கட்ட வேலைக்காக மறுபடி மூடினார்கள், அதனால் கிளம்பும் முன் ரோம் நகராட்சி அருங்காட்சியகங்களின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடியிருந்தாலும் அந்தப் பக்கம் போகாமல் வந்துவிடாதீர்கள். ஆகஸ்டஸ் தன் வாழ்நாள் சாதனைகளைத் தானே எழுதி, கல்லறை வாசலில் வெண்கலப் பட்டயங்களில் பொறிக்கச் சொல்லியிருந்தார். அந்த வெண்கலம் உருகிப்போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில், லத்தீனிலும் கிரேக்கத்திலும், அதன் பிரதி தப்பிப் பிழைத்தது. அதைப் பார்த்துத்தான் 1938-ல் சமாதான பீட மண்டபத்தின் வெளிச்சுவரில், ரிப்பேத்தா தெருவைப் பார்த்தபடி, முழு வாசகத்தையும் பதித்தார்கள். 2006-ல் மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோதும் அந்தச் சுவரை விட்டுவைத்தார்கள். கட்டணம் கிடையாது, தெருவிலிருந்தே படிக்கலாம். கடைசிக்குச் சற்று முன்னால், 31-ஆவது பத்தியில், "இந்தியாவிலிருந்து மன்னர்களின் தூதர்கள் என்னிடம் அடிக்கடி வந்தார்கள், அதற்கு முன் எந்த ரோமத் தளபதியிடமும் வந்ததில்லை" என்று இருக்கும். லத்தீன் தெரிய வேண்டியதில்லை, "இந்தியா" என்ற சொல் அப்படியே இருக்கும். பையனைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.